ரெத்தினம் அண்ணன் முடிச்சு

கல்லூரியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். லாரி ஓட்டிக்கொண்டே ஆன்லைனில் பி.காம். முடித்திருக்கிறீர்களாமே, உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், எங்கள் மாணவர் இதழில் போடுகிறோம் என்றார். "கஷ்டப்பட்டதெல்லாம் எழுதுங்க சார். ஆனா முடிவு சந்தோஷமா இருக்கட்டும்" என்றும் சொன்னார். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. நான் கஷ்டப்பட்டதை எழுத ஒரு பக்கம் தாராளம். என்னால் கஷ்டப்பட்ட மனிதர் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு இதை எழுதினால் நான் மனுஷனே இல்லை.

என் பெயர் மிக்கேல்ராஜ். வயது முப்பத்தொன்பது. குடவாசல் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. பதினாறு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். வண்டி ஜாஃபர் சாதிக் பாயுடையது. கண்ணாடிக்கு மேலே 'புனித அந்தோனியார் துணை' என்று நான் எழுதி வைத்ததைப் பாய் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு மூட்டை ஏற்றுவோம். மற்ற மாதங்களில் உப்பு, சிமெண்டு, கிடைத்தது எதுவானாலும்.

லாரி ஓட்டுவது என்றால் ஓட்டிக்கொண்டே இருப்பது என்று வெளியில் நினைக்கிறார்கள். பாதி வேலை நிற்பதுதான். ஏற்ற நிற்க வேண்டும், எடை போட நிற்க வேண்டும், இறக்க நிற்க வேண்டும். கிடங்கு வாசலில் முப்பது வண்டி வரிசையில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், தூங்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கோ இடுப்பு வலி. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. இன்னும் நாலைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பாய் ஒரு பேச்சு சொன்னார். "ஆபீஸ்ல வண்டி அனுப்புற வேலைக்கு ஆள் வேணும் மிக்கேலு. ஆனா மெயில் அனுப்பணும், ஜிஎஸ்டி பாக்கணும். ஒரு டிகிரி இருந்தா நீயே வந்து உக்காரலாம்." அவர் சும்மாதான் சொன்னார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வருஷம். போனை டாஷ்போர்டில் சாத்தி வைத்துப் பாடம் கேட்பேன். வரிசை நகர்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். பின்னால் நிற்கிறவன், "ஏ காலேஜ்! மணி அடிச்சாச்சு, வண்டிய எடுய்யா!" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். 'காலேஜ்' என்றே பெயர் ஆகிவிட்டது. கோபம் வரும், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

கிண்டல் செய்யாத ஒரே ஆள் ரெத்தினம் அண்ணன். எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன்களுக்கு அவர்தான் தலைவர். ஐம்பத்திரண்டு வயது. அப்பா காலத்தில் குடும்பம் முழுக்கப் பண்ணைக் கூலி. இவர் காலத்தில் ஒரு ஏக்கர் சொந்த நிலம். இருபத்தைந்து வருஷமாக முதுகில் மூட்டை. நான் போனில் பாடம் கேட்கும்போது பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால், "டேய், அங்க புள்ள படிக்குதுல்ல" என்று அதட்டுவார். முப்பத்தொன்பது வயதுப் பிள்ளை!

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்து, கடைசி முடிச்சை ரெத்தினம் அண்ணன்தான் போடுவார். இரண்டு சுற்று சுற்றி, கயிற்றின் வாலை உள்ளே செருகி ஒரு இழுப்பு. அவிழவே அவிழாது. போட்டுவிட்டுத் தார்ப்பாயை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, "இனி உன்னுது" என்பார். அந்தத் தட்டு விழும்வரை லோடு அவர் பொறுப்பு, விழுந்த பிறகு என் பொறுப்பு. கிடங்கில் இறக்கும்வரை அந்த முடிச்சை யாரும் தொடக்கூடாது. கிடங்கு ஆட்கள் கூட வண்டியைப் பார்த்ததும், "ரெத்தினம் முடிச்சா? சரி, உள்ள விடு" என்பார்கள். அவருக்கு அதுதான் கையெழுத்து.

போன ஐப்பசியில் எனக்குக் கடைசிப் பரீட்சை. வணிகச் சட்டம். அதற்கு முன் ஒரு தரம் கோடியக்கரைப் பக்கம் உப்பு ஏற்றப் போன இடத்தில் அதே பரீட்சையை எழுதி, நடுவில் சிக்னல் போய்த் தோற்றிருந்தேன். இந்த முறை தவறினால் இன்னும் ஒரு வருஷம். பாய் அதுவரை ஆபீஸ் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க மாட்டார், வேறு ஆள் பார்க்கிறார் என்று தெரியும். பரீட்சை காலை பத்து மணிக்கு. லீவு கேட்டேன். குறுவை நெல் மலையாகக் கிடக்கிறது, மழை வருகிறது, இன்று எப்படி விடுவேன் என்று பாய் கேட்டார். நியாயம்தான்.

ஒன்பதரைக்கே ஏற்றி முடித்துவிட்டார்கள். வானம் கருத்துக் கிடந்தது. லோடு எடுத்துப் போவதற்கான சீட்டு மதியம்தான் கிடைக்கும், அதுவரை வண்டி நிற்க வேண்டும் என்பதால், தண்ணீர் கேபினுக்கும் லோடுக்கும் நடுவில் இறங்கக்கூடாது என்று ரெத்தினம் அண்ணன் தார்ப்பாயின் முன்பக்கத்தை இழுத்துக் கேபின் கண்ணாடி மேலேயே தொங்கவிட்டு, பம்பரோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். புறப்படும்போது இரண்டு ஆளாக மேலே ஏறி, முடிச்சைத் தொடாமலே அதைக் கண்ணாடிக்கு மேல் சுருட்டிவிடுவார்கள், ஒற்றை ஆளால் ஆகாது. தட்டினார். "இனி உன்னுது. நல்லா எழுது தம்பி. நாங்க கடைக்குப் போயி சாப்புட்டு வர்றோம், இங்க இருந்தா இவனுங்க வாய் சும்மா இருக்காது." எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஏழெட்டுப் பேரையும் ஓட்டிக்கொண்டு போனார். 

கேபினில் ஏறிப் பரீட்சை ஆப்பைத் திறந்தேன். நம் முகம் கேமராவில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் பரீட்சை முடிந்தது என்று அர்த்தம். என் முகம் தெரியவில்லை. முன்கண்ணாடியைத் தார்ப்பாய் மூடியிருக்க, கருத்த வானத்தில் பக்க ஜன்னல் வெளிச்சமும் போதாமல் உள்ளே ஒரே இருட்டு. கேபின் விளக்கோ எப்போதோ செத்துப் போனது. 'முகம் தெரியவில்லை' என்று சிவப்பு எழுத்து வந்தது. இன்னொரு தரம் வந்தால் உள்ளேயே விடாது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

இறங்கினேன். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. முடிச்சை அவிழ்த்தேன். தார்ப்பாயை மேலே தூக்கி லோடு மேல் மடித்துப் போட்டேன். இரண்டு மணி நேரம்தானே, முடித்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்தது. முகம் தெரிந்தது. எழுத ஆரம்பித்தேன்.

பத்தே முக்காலுக்கு மழை பிடித்தது. தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஊற்றியது. என் தலைக்குப் பின்னால், கேபினுக்கும் லோடுக்கும் நடுவில், குழாயைத் திறந்துவிட்டது போல் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் மடித்துப் போட்ட தார்ப்பாய் தண்ணீரைப் பிடித்து நேராக மூட்டை மேல் விடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பதினாறு வருஷம் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா? இறங்கி இழுத்துவிட இரண்டு நிமிஷம் போதும். இறங்கவில்லை.

அப்போது திரையில் இருந்த கேள்வி என்ன தெரியுமா? சரக்கை ஏற்றிச் செல்பவரின் பொறுப்புகள் யாவை, விளக்குக. பதினைந்து மார்க். ஒன்றையும் விடாமல் எழுதினேன். சரக்கைத் தன் சொந்தப் பொருள் போல் காக்க வேண்டும் என்று தட்டும்போது விரல் கூசியது. இருந்தும் தட்டினேன். எனக்கு வெட்கம் இருந்தது, ஆனால் அந்த நாற்காலி அதைவிடப் பெரிதாக இருந்தது.

பன்னிரண்டுக்கு முடித்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரெத்தினம் அண்ணன் ஆட்கள் கடையிலேயே மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். கட்டும்போதுதான் ஒரு யோசனை வந்தது, பாவி எனக்கு. சாதாரண முடிச்சுப் போட்டால் யார் அவிழ்த்தது என்று கேள்வி வருமே? பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த முடிச்சுதான். இரண்டு சுற்று சுற்றினேன். வாலைச் செருகினேன். அவர் முடிச்சைப் போலவே இருந்தது.

திரும்பி வந்தவர் முதலில் கேட்டது, "நல்லா எழுதினியா தம்பி?"

"நல்லா எழுதியிருக்கேன்ணே" என்றேன்.

மறுநாள் கிடங்கில் இறக்கும்போது முன்வரிசை மூட்டைகள் அடிவரைக்கும் ஊறியிருந்தன. நாற்பத்தாறு மூட்டை. கிடங்குக்காரர்கள் போனில் படம் எடுத்தார்கள். பம்பர் முடிச்சையும் எடுத்தார்கள். அதில் கயிற்றின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் சரியாகச் செருகவில்லை, அது வழியில் வெளியே வந்திருக்கிறது. படம் கொள்முதல் நிலையத்துக்குப் போயிற்று. ரெத்தினம் முடிச்சு தளர்ந்ததால் தார்ப்பாய் தூக்கி, தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று முடிவாகிவிட்டது. ஊறிய நெல் திரும்பி வந்தது. ரெத்தினம் அண்ணனும் ஆட்களும் இரண்டு நாள் கூலியில்லாமல் அதைக் காய வைத்தார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேனே!

ரெத்தினம் அண்ணன் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முடிச்சு அவிழாது என்று கத்தியிருக்கலாம். அவர் செம்மொழியின் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். செம்மொழி அவருக்கு அடுத்த ஆள். "வால வெளிய விட்டிருக்கேனே. விட்டதே எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாராம். அதன் பிறகு கயிற்றையே தொடவில்லை. தலைவர் வேலையைச் செம்மொழியிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து சாக்கு தைக்க ஆரம்பித்துவிட்டார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் விட்டுவிட்டார்.

கார்த்திகையில் அவர் மனைவி அம்சம் அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, அவரு கை சரியில்லங்கிறாரு, மறதி வருதுங்கிறாரு. தஞ்சாவூர்ல நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா? நீங்க படிச்சவங்க, டாக்டர்கிட்ட பேசுவீங்க."

போனேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போனேனோ தெரியவில்லை. பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தார். டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், இன்று என்ன கிழமை என்று கேட்டார். எல்லாம் சரியாகச் செய்தார். ஒன்றும் இல்லை, போங்கள் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் ரெத்தினம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இவருக்குப் புடிபடல தம்பி. எனக்குள்ள என்னமோ ஆயிட்டு. அன்னைக்கு நீ பரீட்சையில இருந்த நேரம் பாத்து உனக்கு இப்புடி பண்ணிட்டேன் பாரு. மனசுல வச்சுக்காத."

அங்கேயே காலில் விழுந்திருக்க வேண்டும். "விடுங்கண்ணே" என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி! இதைவிட அசிங்கமான வார்த்தையை என் வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒன்றையும் மறைக்காமல் சாமியாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். சொல்லிவிடுகிறேன் சாமி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாக்கையும் காப்பாற்றவில்லை. பூசையில் எல்லோரும் திவ்ய நன்மை அப்பம் வாங்க எழுந்தபோது, நான் போகாமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஃபிளோரா அதைக் கவனித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"அந்த மனுசன் தன் கையவே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க அவர டாக்டர்கிட்ட வேற கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கீங்க. போய் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த டிகிரிய என் கண்ணுல காட்டாதீங்க."

தையில் ரிசல்ட் வந்தது. பாஸ். அந்தப் பேப்பரில்தான் அதிக மார்க். பாய் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். சம்பா சீசன் முடிந்ததும் ஆபீஸுக்கு வந்துவிடு என்றார். ஃபிளோரா அந்த ஸ்வீட்டைத் தொடவில்லை. சான்றிதழ் பீரோவுக்குள் துணிக்கு அடியில் போயிற்று.

மாசியில் சம்பா நெல் ஏற்ற அந்த நிலையத்துக்குப் போனேன். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் கூடி நின்றார்கள். கையில் ஒரு சால்வை. ரெத்தினம் அண்ணன்தான் கும்பகோணம் போய் வாங்கி வந்தாராம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவரே பிரித்து எனக்குப் போர்த்தினார். அவருக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை, ஆனாலும் பேசினார்.

"நம்ம கண்ணு முன்னாடி, இந்தக் கேபின்ல உக்காந்து படிச்சு வாங்கியிருக்கு. என்னால அன்னைக்கு இது பேருக்குக் கெடுதல் வர இருந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருக்குமா? இன்னைய வரைக்கும் கேக்கல. அது பெரிய மனசு."

எல்லோரும் கை தட்டினார்கள்.  சால்வை நெருப்பாகச் சுட்டது. இதற்கு மேலும் நின்றால் செத்துவிடுவேன் என்று தோன்றியது.

"அண்ணே, அந்த முடிச்சு நீங்க போட்டதில்ல" என்றேன்.

கைதட்டல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டு, கேமரா, அவிழ்த்தது, மழைச் சத்தம் கேட்டும் உட்கார்ந்திருந்தது, அவர் முடிச்சைப் போலவே போட்டது. செம்மொழி பாய்ந்து வந்து சால்வையோடு சேர்த்து என் சட்டையைப் பிடித்தான். "ஏன்யா, அவரு கை நடுங்குதான்னு தெனம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாருய்யா!" என்று கத்தினான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"விடு அவன" என்றார் ரெத்தினம் அண்ணன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையைப் பார்த்தார், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்ப வால வெளிய விட்டது நானில்ல?"

"இல்லண்ணே. நான்தான்."

"என் கை நல்லாத்தான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குண்ணே."

"நாலு மாசம்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைத்துக்கொண்டிருந்த சாக்குப் பக்கம் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மூட்டை ஏறியது. தார்ப்பாய் ஏறியது. கயிறு இழுத்தார்கள். செம்மொழி கடைசி முடிச்சுப் போடக் குனிந்தபோது, ரெத்தினம் அண்ணன் எழுந்து வந்து அவனை விலக்கினார். கயிற்றைக் கையில் வாங்கினார். இரண்டு சுற்று சுற்றினார். வாலை உள்ளே செருகி ஒரு இழுப்பு இழுத்தார். கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், அழுகையே வந்துவிட்டது. தட்டுவார் என்று காத்து நின்றேன்.

தட்டவில்லை. "இனி உன்னுது" என்றும் சொல்லவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அங்கே பதினோரு லோடு ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவர்தான் முடிச்சுப் போடுகிறார். மற்ற வண்டிகளையெல்லாம் தட்டுகிறார், அந்தச் சத்தம் என் கேபின் வரைக்கும் கேட்கிறது. என் வண்டியைத் தட்டுவதில்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ஃபிளோரா பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். அவள் பார்த்ததே போதும் என்று நானே திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்றுப் பாய் போன் செய்தார். "சம்பா முடிஞ்சுபோச்சு, நாற்காலி காலியா இருக்கு, எப்ப வர்ற?" என்றார். குறுவை வரைக்கும் ஓட்டுகிறேன் பாய், அதற்குள் வேறு ஆளைப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை என்றேன். இடுப்ப வச்சுக்கிட்டு ஏன்யா இந்த வீம்பு என்று திட்டினார். என்ன சொல்வது? ரெத்தினம் அண்ணன் ஒரு தடவை என் வண்டியைத் தட்டட்டும், நான் இறங்கிவிடுகிறேன்.